வயிற்றில் தூங்குகிறவன்

லியோன்
3 ஜனவரி 1982

என் ரக்கியாவுக்கு,

ஸலாம். நான் இங்கே நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க அல்லாஹ்வைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பிரெஞ்சு நாட்டுக் குளிர் ஆளைக் கொல்கிறது. இரும்பு உருக்குகிற உலைப் பக்கம் நிற்பவன் நான், அதனால் பாதி உடம்பு வேகிறது, பாதி உடம்பு விறைக்கிறது. அது கிடக்கட்டும்.

பக்கத்து வீட்டு வாத்தியாரை வைத்து அம்மா எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். உனக்கு வயிறு தெரிகிறதாமே. மருத்துவச்சி ஹத்தா கை வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவிடம், "புள்ளதான் லல்லா தாமு. உன் மகன் கடைசியா எண்பது ஆகஸ்டுல வந்துட்டுப் போனானே, அப்பத் தங்கினது. அப்பன் பக்கத்துல இல்லேன்னு தூங்கிப் போச்சு. இப்பத்தான் புரண்டு படுக்குது" என்று சொன்னாளாம்.

நம் ஊர் தாஸாவில் இப்படி வயிற்றுக்குள் தூங்கிப் பிறந்தவர்கள் ஒருவரா, இருவரா? என் பெரியப்பா மகன் மூன்று வருஷம் தூங்கிவிட்டுப் பிறந்தான். இன்றைக்கு ஆறடி ஆள். அவன் யார் ஜாடை என்று யாரும் பேசிப் பார்த்ததில்லை. பேசக்கூடாது என்றுதான் பெரியவர்கள் 'தூக்கம்' என்று ஒரு நல்ல வார்த்தையை வைத்திருக்கிறார்கள்.

நானும் எதுவும் கேட்கவில்லை ரக்கியா. கேட்கவும் மாட்டேன். அவன் விழித்து வெளியே வரட்டும், என் பேர் அவனுக்கு இருக்கிறது.

சின்ன மாமா மகளை எனக்கு இரண்டாந்தாரமாகப் பேசுவதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தார் அல்லவா, அந்தப் பேச்சை விட்டுவிடச் சொல்லி எழுதிவிட்டேன். பிள்ளை பிறந்ததும் உங்கள் இருவரையும் இங்கே அழைத்துக்கொள்ளத் தாள்கள் வாங்கப்போகிறேன். எட்டு வருஷம் நீ அந்த வீட்டில் பட்டது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
பூஜ்மா


தாஸா
24 ஜனவரி 1982

என் அன்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை வாத்தியார் வாசித்துக் காட்டும்படி ஆகிவிட்டது. உறையை நான் பிரிக்கும் முன்பே மாமி பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார். தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. பரவாயில்லை, கெட்ட செய்தி ஒன்றும் இல்லையே.

இங்கே என் அந்தஸ்தைக் கேளுங்கள். கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் உங்கள் அப்பா உட்கார்ந்த மெத்தை இருக்கிறதே, அதில் இப்போது நான்தான். போன வருஷம் வரை அந்த மெத்தையை வெயிலில் போட்டு அடிக்கிற வேலை எனக்கு. "எந்திரிக்காதடி என் மவளே, தண்ணிக்குடத்தத் தொடாதே" என்கிறார் மாமி. இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து 'மகளே' என்று கேட்டதில்லை. முதல் நாள் என் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

வாரத்துக்கு மூன்று நாள் ரஃபீஸா. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற அதே ரஃபீஸாதான். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் கோழியும் மைசூர்ப் பருப்பும் வெந்தயமும் வெங்காயமும் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, "சூட்டுல முழிச்சுக்குவான்" என்று கையாலேயே ஊட்டுகிறார். வேண்டாம் என்றால் மூக்கைச் சிந்துகிறார். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி முட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே கடமுடா என்று ஓடுகிறது. மாமி கையை வைத்துப் பார்த்து, "உதைக்கிறான் பாரு!" என்று குலவையிடுகிறார்.

ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இது என்ன பிள்ளையோ, விடியும்போது இருப்பதில்லை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் எட்டு மாதமாகிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கொல்லைக்கு ஓடுகிறேன். வயிறுதான் பெரிசு, கை கால் எல்லாம் குச்சி. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. உங்களுக்கும் தெரியும், இந்த வயிற்றுத் தொல்லை எனக்குப் புதிசில்லை. ஐந்தாறு வருஷமாகவே உண்டு. இவ்வளவு உப்பியதில்லை, அவ்வளவுதான்.

பிள்ளை என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மெத்தை மெத்தென்று இருக்கிறது. என்னைத் திட்டாதீர்கள்.

அன்றைக்கு என் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லி நீங்கள் அனுப்பிய தந்தியை நேற்று வளையல் பெட்டியில் பார்த்தேன். மடித்த இடத்தில் கிழியப் பார்க்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள்,
ரக்கியா


லியோன்
21 பிப்ரவரி 1982

என் ரக்கியாவுக்கு,

ஸலாம். அம்மா கொடுப்பதைச் சாப்பிடு. விடிந்தால் வயிறு தெரியவில்லை என்றெல்லாம் கணக்குப் பார்க்காதே. தூங்குகிற பிள்ளை ஒதுங்கிக்கொள்ளும், முதுகுப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று என் அறையில் இருக்கும் பெரியவர் சொல்கிறார். அவருக்குப் பதினொரு பிள்ளைகள், தெரியாமலா சொல்வார்?

டாக்டரிடம் மட்டும் போகாதே. ஒரு தடவை உன்னை அவர்கள் கையில் கொடுத்து நீ பட்டது போதும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை.

ஒரு ஜோடி சின்னக் காலணி வாங்கினேன். நீல நிறம். கடைக்காரி, "எத்தனை மாசக் குழந்தை?" என்று கேட்டாள். பதினெட்டு மாதமாகத் தூங்குகிறான் என்றால் பைத்தியம் என்பாள். "இன்னும் பொறக்கல" என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினாள். வெளியே வந்து மழையில் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

நீ அந்த வீட்டில் யாருக்கும் பயப்பட வேண்டாம். என்ன நடந்திருந்தாலும் நீ என் மனைவி.

உன்,
பூஜ்மா


தாஸா
18 ஏப்ரல் 1982

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஸலாம். நீங்கள் போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போய்விட்டு வந்தேன். நானாகப் போகவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். குளியல் வீட்டில் வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். என் அண்ணன் கேள்விப்பட்டு வந்து, மாமி கத்தக் கத்த, தன் வண்டியில் போட்டு ஃபெஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பதினாறு நாள் அங்கே இருந்தேன்.

டாக்டர் ஒரு பெண். ஸ்காலி என்று பேர், என் வயசுதான் இருக்கும். படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மூக்கு வழியாக ரப்பர் குழாயை விட்டுச் சிறுகுடல் வரைக்கும் இறக்கி உள்ளே இருந்த நீரை உறிஞ்சினார்கள். வாந்தி வந்து வந்து கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. மூன்றாம் நாள் டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "இங்க பாரும்மா, வயித்துல புள்ளையும் இல்ல, கட்டியும் இல்ல. பெருங்குடல்ல இருக்க வேண்டிய கிருமியெல்லாம் மேல ஏறிவந்து சிறுகுடல்ல குடித்தனம் வச்சிருக்கு. நீ சாப்பிடுறத உனக்கு முந்தி அது சாப்பிடுது. அது விடுற காத்துதான் இந்த வயிறு."

நான் சிரித்துவிட்டேன். "மாமி எனக்கு ஊட்டுறதா நெனச்சு அதுங்களுக்கு ஊட்டியிருக்காங்க" என்றேன். அந்தம்மாவும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஏன் வந்தது என்று கேட்டேன். வயிற்றைத் திறந்து பார்த்தார்களா என்றார். எழுபத்தாறு அக்டோபரில், பிள்ளை இல்லை என்று மாமி சொல்லி, கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க அறுத்தார்களே, அதைச் சொன்னேன். தழும்பைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் புண் ஆறும்போது உள்ளே குடல் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிவிட்டதாம். அந்த மடிப்பில் சாப்பாடு தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது. மறுபடி அறுத்துப் பிரித்துவிடக்கூடாதா என்றேன். அறுத்தால் மறுபடி ஒட்டும், இதைவிட மோசமாகலாம் என்றார்.

"அப்ப தீராதா?"

"மாத்திரை தர்றேன், குறையும். அப்புறம் வரும். வந்தா மறுபடி மாத்திரை. கோதுமை, பருப்பு, வெங்காயம், பால், பேரீச்சம்பழம் எதுவும் வேணாம். இதோட வாழப் பழகிக்கணும்மா."

முப்பது வயசில் அரிசிக் கஞ்சியும் வேகவைத்த கோழியும். எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிற வீட்டில் எனக்கு மட்டும் மூலையில் தனிச் சட்டி. தனிச் சட்டி என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறவள்தான் அப்படிச் சாப்பிடுவாள்.

மாத்திரை சாப்பிட்டேன். ஒன்பதாம் நாள் வயிறு இறங்கிவிட்டது. பழைய உடுப்பு இடுப்பில் நிற்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு முழு நாள் வலியில்லாமல் இருந்தேன். அழுதேன், அவ்வளவு சுகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மாமி வாசலிலேயே என் வயிற்றைப் பார்த்தார். "எங்கடி எம் பேரன்? மாத்திரையப் போட்டுக் கலைச்சிட்டியேடி படுபாவி!" என்று தரையில் புரண்டார். மெத்தை போனது. இப்போது சமையற்கட்டில் படுக்கிறேன்.

அவரை நான் குறை சொல்லவில்லை. நானும்தான் வாயை மூடிக்கொண்டு மெத்தையில் உட்கார்ந்திருந்தேன். உங்களையும் ஏமாற்றினேன், என்னை மன்னியுங்கள். இதில் பிள்ளை இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

இன்னொன்று. டாக்டர் ஸ்காலி அந்தப் பழைய ஆபரேஷன் சீட்டை வரவழைத்துப் படித்தார். கருக்குழாய் திறந்துதான் இருந்ததாம், கருப்பையும் நன்றாக இருந்ததாம். குறை ஒன்றும் காணவில்லை என்று எழுதித்தான் மூடித் தைத்திருக்கிறார்கள். சீட்டு பிரெஞ்சில் இருந்ததால் மாமியும் நானும் அதைத் தாயத்து மாதிரி பெட்டியில் போட்டு வைத்துவிட்டோம். அப்படியென்றால் எனக்குக் குறையில்லை. உங்கள் அம்மாவுக்கு இதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் வந்தால் நம்புவார். நீங்கள் வேறு கல்யாணம் செய்துகொண்டால்கூட நான் தடுக்கமாட்டேன், ஆனால் மலடி என்ற பேரோடு இந்தச் சமையற்கட்டில் என்னால் கிடக்க முடியவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரக்கியா


தாஸா
28 ஜூன் 1982

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஸலாம். இரண்டு மாதமாகத் தபால்காரர் நம் வாசலைத் தாண்டித் தாண்டிப் போகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் என்றால் கோபத்தையாவது எழுதுங்கள்.

டாக்டர் சொன்ன மாதிரியே திரும்ப வந்துவிட்டது. எட்டு வாரம்தான் சுகம். நோன்பு பிறப்பதற்கு முந்தின வாரம் மறுபடி உப்பத் தொடங்கியது. இரண்டாம் சுற்று மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். மாமி என் வயிற்றைப் பார்த்தார். போய் மாத்திரையை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து, என் காலடியில் உட்கார்ந்து, "பயந்து ஒளிஞ்சிருந்தான், திரும்பி வந்துட்டான். இந்தத் தடவை விடமாட்டேன் மவளே" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மெத்தை திரும்பக் கிடைத்திருக்கிறது. நோன்பு திறந்ததும் ரஃபீஸா வருகிறது. சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது, சாப்பிடாவிட்டால் வீடு வலிக்கிறது.

அந்த ஒரு வரியைத்தான் கேட்டேன். எழுதக்கூடாதா?

உங்கள்,
ரக்கியா


லியோன்
14 ஜூலை 1982

ரக்கியாவுக்கு,

ஸலாம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உன் ஏப்ரல் கடிதம் வந்த நாளிலிருந்து பதில் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதைக் கிழிப்பதற்குள் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

உன்னிடம் குறையில்லை. அது எனக்கு முன்பே தெரியும். குறை என்னிடம்.

ஒரு குளிர்காலத்தில் இங்கே விடுதியில் எல்லோருக்கும் பொன்னுக்கு வீங்கி வந்தது என்று எழுதியிருந்தேனே, உனக்கு நினைவிருக்கலாம். கன்னம் வீங்கியதை மட்டும்தான் எழுதினேன். எனக்குக் கீழேயும் இறங்கிவிட்டது. ஆலை டாக்டர் சோதனைக்கு அனுப்பினார். பிள்ளை பிறக்க வழியில்லை என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். என் பெட்டியின் அடியில் இன்னும் இருக்கிறது, எழுபத்தாறு மார்ச் தேதி போட்டு. ஆகஸ்டில் ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைப் பையில் எடுத்து வருவேன், சொல்லிவிட வேண்டும் என்று. உன் முகத்தைப் பார்த்தால் முடியாது. அம்மா முகத்தைப் பார்த்தால் அதைவிட முடியாது. திரும்ப எடுத்து வந்துவிடுவேன். போன ஆகஸ்டில் அதற்குப் பயந்தே வரவில்லை.

பிறகு அம்மா கடிதம் வந்தது, உனக்கு வயிறு என்று. என்னுடையதாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள் போய்விட்டது. வருஷத்துக்கு ஒரு மாதம் புருஷன், அந்தப் புருஷனிடமும் ஒன்றுமில்லை, உன்னை எந்த வாயால் கேட்பேன்? யார் என்றுகூட நினைத்துப் பார்க்கவில்லை. தூங்குகிற பிள்ளை என்று ஊரே சொல்கிறது. எனக்கும் ஒரு பிள்ளை வரட்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். நீ யாரோடு இருந்திருந்தாலும் மன்னித்துவிட்டேன் என்பதைத்தான் அந்தக் கடிதங்களில் சொல்லாமல் சொன்னேன். இப்போது நீ வெறும் கிருமி, காற்று என்கிறாய். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காற்றுக்காக நான் அழுதேன் ரக்கியா. காலணியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு என்னால் எழுத முடியாது. அதை மட்டும் என்னிடம் கேட்காதே. இந்த ஆகஸ்டும் வரமாட்டேன். உடம்பு தேறிவிட்டால் நாம் பழையபடி இருக்கலாம்.

பூஜ்மா


தாஸா
5 ஆகஸ்டு 1982

பூஜ்மாவுக்கு,

கடிதம் வந்தது. இந்தத் தடவை வாசலிலேயே நின்று நானே வாங்கினேன், நல்லவேளை. கொல்லையில் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் நான் அதிகம் இருக்கிறேன்.

யாரோடு இருந்திருந்தாலும் மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெரிய மனசு. எட்டு வருஷம் நான் இந்த வீட்டு வாசலைத் தாண்டியது குளியல் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான். நீங்கள் என்னைத் தப்பாக நினைத்தது வலித்தது. ஆனால் அதைவிட, வெறும் காற்றுக்காக அழுதேன் என்று எழுதினீர்களே, அந்த வரியில் உங்களுக்காக நானும் கொஞ்சம் அழுதேன். உண்மை அதுதான்.

பிறகு தேதியைப் பார்த்தேன்.

உங்கள் தாள் எழுபத்தாறு மார்ச். என்னை அறுத்தது எழுபத்தாறு அக்டோபர். நடுவில் ஆகஸ்டில் ஒரு மாதம் இதே வீட்டில் இருந்தீர்கள். இரண்டாம் வாரம் மாமி ஆபரேஷன் பேச்சை எடுத்தார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று உங்கள் தோளில் சாய்ந்து சொன்னேன். "பயப்படாதே, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றீர்கள். தாள் சட்டைப் பையில் இருந்ததாக இப்போது சொல்கிறீர்கள். நான் சாய்ந்த பக்கமா, மறு பக்கமா?

அக்டோபரில் கட்டிலில் படுக்கவைத்த பிறகு, புருஷன் சம்மதம் இல்லாமல் கத்தி வைக்கமாட்டோம் என்றார்கள். மாமி உங்களுக்குத் தந்தி அடித்தார். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார், என்மேல் அவ்வளவு பிரியம் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமை பேசினேன். மறுநாள் காலை வந்தது: 'செய்யுங்கள். அல்லாஹ் துணை. பூஜ்மா.' அதையும் பிரியம் என்றே எடுத்துக்கொண்டேன். என்னிடம் பிள்ளை வேண்டும் என்று எவ்வளவு ஆசை இவருக்கு என்று நினைத்து, வளையல் பெட்டியில் வைத்தேன். ஆறு வருஷம் வளையல் எடுக்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்தேன்.

நீங்கள் பழையபடி இருக்கலாம் என்கிறீர்கள். என் உடம்பு தேறாது. டாக்டர் ஸ்காலி தெளிவாகச் சொல்லிவிட்டார். சாகிறவரை மாத்திரை, சாகிறவரை கஞ்சி, சாகிறவரை இந்த வயிறு ஏறும் இறங்கும். அண்ணன் வீட்டில் என்னை வைத்துக்கொள்ள இடமில்லை, அண்ணி முகத்திலேயே தெரிந்தது. அதனால் நான் எங்கேயும் போகவில்லை. இங்கேதான் இருப்பேன்.

மாமியிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை, உங்களுக்காக அல்ல. அடுப்படியில் உட்கார்ந்து சின்னதாக ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறார். கண் சரியாகத் தெரியாமல் ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறார். கோத்துக் கொடுக்கிறேன். இன்றைக்கும் ரஃபீஸாதான். வாசனை வருகிறது.

தந்தியை இத்துடன் அனுப்புகிறேன். மடிப்பில் கிழிந்துவிட்டது, இரண்டு துண்டையும் வைத்திருக்கிறேன். உங்கள் பெட்டியின் அடியில் அந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள். மார்ச் முதலில் வரட்டும், அதன்மேல் அக்டோபர்.

ரக்கியா